1885 பாணி பஸ்ல் கவுன் தைத்த அனுபவம்

இடுப்புக்குப் பின்னால் அலமாரித் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் ரகம் இது. அந்த நீட்டல் கவுனில் இல்லை, உள்ளே கட்டும் பஸ்ல் என்ற கூட்டில் இருக்கிறது. அதனால் உள்ளாடை, இடுப்பை இறுக்கும் கார்செட், பஸ்ல், உள்பாவாடை என்று உள்ளிருந்து வெளியே தைத்து வந்தேன். அதையெல்லாம் போட்டுக்கொண்டுதான் கவுனுக்கு அளவு எடுக்க வேண்டும். பஸ்ல் இல்லாமல் எடுத்தால் பாவாடையின் பின்பக்கம் நாலைந்து இன்ச் தூக்கிவிடும்.

பஸ்லுக்குக் காடாத் துணி, பின்பாதியில் மட்டும் ஐந்து வரிசை ஸ்டீல் பட்டை. பட்டைகளை வளைத்துப் பிடிக்கும் உள்நாடாவை இறுக்கிக் கட்டணும். தளர்ந்தால் பக்கவாட்டில் விரிந்து, 1860களில் போட்ட, சுற்றிலும் விரிந்து நிற்கும் கிரினோலின் பாவாடையின் சாயல் வந்துவிடும்.

கவுனுக்கு 44 இன்ச் அகல டாஃபெட்டா என்ற மொடமொடப்பான துணி 9 மீட்டர் பிடித்தது. பாலியஸ்டர் சாட்டின் வேண்டாம். மடிப்பு நிற்காமல் தொங்கும். அடிப்பாவாடைக்கு முன்துண்டு ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாகச் சரிவுத் துண்டு இரண்டு, பின்னால் நேர்த்துண்டு ஒன்று. கீழ்ச்சுற்று இரண்டரை மீட்டர் போதும். முன்பக்கம் டாட் (உடல் வளைவுக்கேற்ப ஆப்பு வடிவில் பிடிக்கும் மடிப்பு) பிடித்துத் தட்டையாக இருக்கணும். சுருக்கம் மொத்தமும் பின்னால் ஆறு இன்ச்சுக்குள் அடங்கணும். மேல்பாவாடையின் மடிப்புகளைப் பேப்பரில் வரைந்து பயனில்லை. தையல் பொம்மைக்கு மாட்டி, குண்டூசி குத்திப் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

உண்மையான வேலை ரவிக்கையில்தான். நாம் லைனிங்கைத் தனியாகத் தைத்து உள்ளே திருப்புவோம். இதில் ஒவ்வொரு துண்டையும் அதன் பருத்தி லைனிங்மேல் வைத்து, ஓட்டுத் தையல் போட்டு, இரண்டையும் ஒரே துணியாகவே தைக்கணும். இழுவையைப் பருத்தி தாங்கும், டாஃபெட்டா கிழியாது. பிடித்த தையல் ஓரங்களை விரித்துத் தேய்ப்பதற்கு முன், இடுப்புப் பகுதியில் அரை இன்ச்சுக்கு ஒன்றாக வெட்டு கொடுக்கணும். கொடுக்காவிட்டால் அங்கே சுருங்கிக்கொண்டு நிற்கும், எவ்வளவு அயர்ன் செய்தாலும் போகாது.

அந்த ஓரங்களின்மேல் நாடாக் குழாய் தைத்து, செயற்கை எலும்புப் பட்டையைச் செருகினேன். அந்தக் காலத்தில் இதற்குத் திமிங்கிலத்தின் வாய்த் தகடு. முனையை உருட்டித் தேய்த்து, குழாயைவிட அரை இன்ச் குட்டையாக வெட்டாவிட்டால் துணியைக் குத்திக்கொண்டு வரும். முன் டாட்டில் பட்டை மார்பு உச்சிக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும்.

இடுப்புக்குள் ஒரு இன்ச் கெட்டி நாடா. முதுகுத் தையல்களில் மட்டும் பிடித்து, முன்னால் கொக்கி. அதை மாட்டிய பிறகே பட்டன். இந்த நாடா இல்லாத ரவிக்கை மேலே ஏறும், பட்டன் துளைகள் வாய் பிளக்கும்.

அக்குளை இறக்கி வெட்டும் பழக்கத்தை இங்கே விடணும். கைக்குழி சின்னதாக, அக்குளுக்கு நெருங்கி இருந்தால்தான் கையைத் தூக்கும்போது ரவிக்கை கூடவே வராது.

முழுக்கக் கையால் தைத்தால்தான் அசல் என்பது வீண் பிடிவாதம்; தையல் இயந்திரம் 1850களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. பட்டன் துளையும் கீழ் விளிம்பும் மட்டும் கைவேலை. நீளத்தைச் செருப்போடு நிறுத்திக் குறித்து, உள்ளே எட்டு இன்ச் விறைப்பான பருத்திப் பட்டை கொடுத்தால் பாவாடை காலைச் சுற்றாது. விளிம்பில் கம்பளி நாடா ஒன்று, நூலளவு வெளியே தெரியும்படி. தரையில் உரசித் தேய்வது அதுதான். தேய்ந்தால் பிரித்து வேறு தைத்துக்கொள்ளலாம்.