ஓட்ட ஆட்டப் பள்ளியிலிருந்து கல்லூரி அணிக்கு: ஒரு லைன்மேனின் பெற்றோர் சொல்லும் வழி

டெக்சாஸில் பிள்ளை அமெரிக்க ஃபுட்பால் ஆடும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "எங்கள் பள்ளி அணி பந்தை எறிவதே இல்லை. முழு ஆட்டமும் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஓட்டம்தான். கல்லூரிப் பயிற்சியாளர்கள் இவனைத் திரும்பிப் பார்ப்பார்களா?" என் மகன் அப்படிப்பட்ட பள்ளியில்தான் ஸ்லாட்-டி என்ற ஓட்ட ஆட்ட முறையில் கார்டாக (முன்வரிசையில் நடுவீரருக்கு அடுத்து நின்று எதிரணியைத் தடுப்பவனாக) ஆடினான். இப்போது கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவிலுள்ள கல்லூரி ஒன்றில் ஆடிக்கொண்டே பொறியியல் படிக்கிறான். என் பதில்: பார்ப்பார்கள். ஆனால் பையன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

பந்தை எறியும் குவாட்டர்பேக், அதைப் பிடிக்கும் ரிசீவர் ஆகியோருக்கு ஓட்ட ஆட்டப் பள்ளி உண்மையிலேயே சிரமம்தான். பந்து எறியும் காட்சியே இல்லாதபோது பயிற்சியாளர் எதைப் பார்த்து மதிப்பிடுவார்? அவர்கள் கோடையில் அணிக்கு ஏழு பேர் மட்டும் பந்தை எறிந்து பிடித்து ஆடும் ஏழுக்கு ஏழு ஆட்டங்களுக்குப் போயே ஆக வேண்டும். முன்வரிசையில் நிற்கும் லைன்மேன், தற்காப்பில் அந்த வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர், பந்தோடு ஓடும் பேக் ஆகியோருக்கு நிலைமை வேறு. அவர்களுக்கு இந்தப் பள்ளி ஒரு வாய்ப்பு. ஏன் என்பது புரிய, ஓட்ட ஆட்டம் எப்படி மாறி வந்திருக்கிறது என்று பெற்றோரும் கொஞ்சம் படிக்க வேண்டும்.

1950-களில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது விங்-டி என்ற ஓட்ட ஆட்ட முறை. கார்டுகள் தம் இடத்தைவிட்டு விலகி, பக்கவாட்டில் ஓடிப்போய்த் தடுப்பது அதன் உயிர்நாடி. 1960-களில் ஹூஸ்டனில் பில் இயோமன் வீர் முறையைக் கொண்டுவந்தார். எதிரணியின் ஒரு தற்காப்பு வீரரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிட்டு, அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்த்து, பந்தை ஓடுபவரிடம் கொடுப்பதா தானே வைத்துக்கொள்வதா என்று குவாட்டர்பேக் முடிவெடுப்பது அது. 1968-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெல்லார்ட், குவாட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கும் விஷ்போன் அமைப்பை வகுத்தார். அவர் அதற்கு முன் சான் ஆஞ்சலோவில் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர். அந்தப் பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களில் வெற்றி கிட்டவில்லை. அதன்பின் தொடர்ந்து 30 ஆட்டங்களில் டெக்சாஸ் வென்றது.

1990-களின் தொடக்கத்தில் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் ரிச் ரோட்ரிகஸ் தற்காப்பு வீரரைப் பார்த்து முடிவெடுக்கும் அதே எண்ணத்தை, குவாட்டர்பேக் சில கஜம் பின்னால் நின்று பந்தை வாங்கும் ஷாட்கன் அமைப்புக்குக் கொண்டுபோனார். இன்று தொலைக்காட்சியில் நாம் பார்க்கும், வீரர்கள் மைதானத்தின் அகலம் முழுக்கப் பரவி நிற்கும் ஸ்ப்ரெட் ஆட்டத்தின் பாதி அந்த வேரிலிருந்து வந்தது. ஆக, ஓட்ட ஆட்டம் அழிந்துவிடவில்லை. வீரர்கள் நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது. லிங்கன் ரைலி பயிற்றுவித்த ஓக்லஹோமா பல்கலைக்கழக அணி நம்பி ஆடிய கவுன்டர் ஓட்டத்தைப் பாருங்கள்: ஒரு கார்டும், அவருக்கு வெளிப்பக்கம் நிற்கும் டேக்கிளும் விலகி ஓடி எதிர்ப்பக்கம் போய்த் தடுக்கிறார்கள். ஸ்லாட்-டி கார்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் செய்வது ஏறத்தாழ அதையேதான். இதைப் புரிந்துகொண்டபின் மகனின் காணொளியை நாங்கள் தொகுத்த விதமே மாறியது.

ஹட்ல் என்ற விளையாட்டுக் காணொளித் தளத்தில் போடும் தொகுப்பு மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பந்து நகர்வதற்கு முன் ஒரு நொடி படத்தை நிறுத்தி, பையன்மேல் அம்புக்குறி வையுங்கள். பதினொரு பேரில் இவன் யார் என்று தேடும் பொறுமை யாருக்கும் இருக்காது. எங்கள் முதல் காட்சியில் மகன் வலப்பக்கம் விலகி ஓடி, லைன்பேக்கரின் மார்பில் கையை வைத்து, விசில் ஊதும்வரை காலை நகர்த்திக்கொண்டே இருந்தான். பந்து வைத்திருந்தவன் அதில் சில கஜங்கள்தான் போனான். இருந்தாலும் அதை முதலில் வைத்தோம். ஒரு லைன் பயிற்சியாளர் எழுதிய மின்னஞ்சலில் அந்தக் காலசைவை மட்டும்தான் குறிப்பிட்டிருந்தார். நீண்ட டச்டவுன்களைப் பார்த்து மயங்காதீர்கள். எறியும் ஆட்டத்தில் தடுத்த காட்சிகள் பருவம் முழுக்க ஒரு கைப்பிடிதான் கிடைக்கும், அத்தனையையும் சேருங்கள். கோடை முகாமில் முதலில் சோதிப்பதும் அதைத்தான். பின்பக்கமாகச் சறுக்கி நகரும் கால்வேலையைக் குளிர்காலத்திலேயே தனியாகப் பழக வேண்டும், ஏனென்றால் பள்ளிப் பயிற்சியில் அதற்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

இனி மதிப்பெண். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டெக்சாஸில் 1984 முதல் 'தேறாவிட்டால் ஆட்டம் இல்லை' என்ற விதி இருக்கிறது. ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் ஆட முடியாது. அது பள்ளி அளவில். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் (4.0 அளவில்) 2.3 சராசரியும் தேவை. அவற்றில் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதும் அந்த மதிப்பெண்கள் பூட்டப்பட்டுவிடும். பிறகு அதே பாடத்தைத் திரும்பப் படித்துச் சராசரியைத் தூக்க முடியாது. ஆகவே ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணும் ஆள்சேர்ப்பில் கணக்குதான். உங்கள் பள்ளியின் எந்தெந்தப் பாடங்களுக்கு ஒப்புதல் உண்டு என்ற பட்டியலை என்சிஏஏ தளத்தில் பார்த்து, கவுன்சிலரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளைகள் நம்மில் நிறைய. அது உயர்நிலைப் பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) மதிப்பெண்ணோடும் கிரெடிட்டோடும் ஏறியிருந்தால் அதையும் கணக்கில் சேர்க்கலாம்.

ஓட்ட ஆட்டத்தை நேசிக்கும் பையனுக்கு ராணுவக் கல்லூரிகள் இயல்பான இடம். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் ஆர்மி அணி 2023-இல் ஷாட்கன் பக்கம் போனது. இடுப்புக்குக் கீழே தடுப்பதை 2022-இல் விதி மேலும் கட்டுப்படுத்தியதும் அதற்கு ஒரு காரணம். 2024-இல் குவாட்டர்பேக் பார்த்து முடிவெடுக்கும் பழைய ஆப்ஷன் ஆட்டத்துக்குத் திரும்பி 12 வெற்றிகளோடு தன் மாநாட்டின் (கல்லூரி அணிகளின் லீக்) பட்டத்தையும் வென்றது. ஆனால் அங்கே சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். பெரும்பாலோருக்குக் காங்கிரஸ் உறுப்பினரின் பரிந்துரை வேண்டும். படித்து முடித்தபின் ஐந்தாண்டு பணியும் உண்டு. பையனே மனதார விரும்பினால் மட்டும் அந்த வழியில் போகட்டும். பெற்றோரின் கணக்குக்காக எடுக்கிற முடிவல்ல அது.

மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் தரும் உதவி உண்டு, எங்கள் விஷயத்தில் அதுதான் கைகொடுத்தது. பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில், ஆர்வம் காட்டும் பயிற்சியாளரிடம் டிரான்ஸ்கிரிப்டைக் கொடுத்து, இடம் கிடைக்குமா என்று சேர்க்கை அலுவலகத்தின் முன்கருத்தைக் கேட்டுத் தரச் சொல்லுங்கள். பல கல்லூரிகளில் இந்த நடைமுறை இருக்கிறது. பயிற்சியாளரின் அன்பான பேச்சைவிட அந்தப் பதிலுக்கே எடை அதிகம். அது வரும்வரை மற்றக் கல்லூரிகளின் முகாம்களுக்குப் போவதை நிறுத்தாதீர்கள்.