மூணாறு: தேயிலை பார்க்க அல்ல, ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு

முதலில் ஜீப் கதையைக் கொட்டிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றது எழுத வராது. மூணாறு டவுனிலிருந்து எஸ்டேட் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய், மதியம் வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட ஒரு ஜீப்காரர் 2,800 ரூபாய் கேட்டார். பேசிப் பேசி 2,200-க்கு இறக்கினேன். பாதி மலை ஏறியதும் வண்டியை ஓரங்கட்டி, "ரோடு ரொம்ப மோசம் அண்ணா, ஒரு முந்நூறு சேர்த்துக் கொடுத்திருங்க" என்றார். ரோடு நேற்றைக்கா மோசமானது? தினமும் அதே ரோட்டில்தானே ஓட்டுகிறார்! சுற்றிலும் தேயிலை, மேலே மேகம், கீழே பள்ளம். அந்த இடத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டால் யார் இல்லை என்பார்கள்? கொடுத்தேன். அதே பாதையில் காலையும் மாலையும் பிள்ளைகளையும் தோட்டத்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஷேர் ஜீப் போகிறது, ஆளுக்கு 50 ரூபாய். டூரிஸ்ட் முகம் தெரிந்தால் அந்த வண்டியில் இடம் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

சரி, ஏன் போனேன் என்றால், என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் அங்கே ஓர் எஸ்டேட் பள்ளியில் தமிழ் மீடியம் வாத்தியார். ஊர் உடுமலைப்பேட்டை, வேலை கேரளாவில். "ஆண்டு விழா வைக்கிறோம், வா மாப்ள, எத்தனை நாளாக் கூப்பிடறேன்" என்றான். மூணாறில் எல்லாரும் பார்க்கிற எதையும் பார்க்காமல் திரும்பலாம் என்ற எண்ணமே எனக்குப் பிடித்துப்போயிற்று. செலவும் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஜீப் அதைச் சாப்பிட்டுவிட்டது.

உடுமலையிலிருந்து காலை பஸ். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம், சின்னாறு பாலம் தாண்டினால் கேரளா. காட்டில் இரண்டு பக்கமும் காய்ந்த முள்மரம்தான். கேரளா என்றால் பச்சை என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்த மழைமறைவுக் காடு ஏமாற்றமாக இருக்கும். எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை சீட். அதன் ஒரு பக்கத்து போல்ட் கழன்றிருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சீட்டோடு சேர்ந்து நானும் பக்கத்து அம்மாவின் கீரைக்கட்டு மேல் சாய்ந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பிடிச்சுக்கோ தம்பி, இன்னும் வளைவு கிடக்கு" என்று தன் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

மறையூரில் இறங்கி ஓர் இரவு தங்கினேன். அறை 800 ரூபாய், வெந்நீர் கேட்டால் வாளிக்கு 30. ஆனால் மறையூரைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன், காரணம் வெல்லம். கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் ஓலைக்கொட்டகை, அதற்குள் பெரிய கொப்பரை. கரும்புச் சக்கையையே எரித்துப் பாகு காய்ச்சுகிறார்கள். பதம் வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் கையால் அள்ளி உருட்டுகிறார்கள். ஒவ்வோர் உருண்டையிலும் விரல் பதிந்த தடம் அப்படியே நிற்கிறது. உருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஓர் உருண்டையை உடைத்துக் கையில் வைத்தார், உள்ளே இன்னும் இளஞ்சூடு. உப்புக் கரிப்பு துளியும் இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம் இது. மூணாறு கடைத்தெருவில் 'மறையூர் வெல்லம்' என்று அட்டை மாட்டி விற்பதில் பாதி நம்ம பக்கத்திலிருந்து லாரியில் ஏறியது என்று அந்தப் பெரியவரே சிரித்துக்கொண்டே சொன்னார். கொட்டகையிலேயே வாங்குங்கள். நான் 3 கிலோ வாங்கினேன், கிலோ 120.

இந்த மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஐந்தும் சேர்ந்ததுதான் அஞ்சுநாடு. மதுரைப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள், வீட்டில் பேசுவது தமிழ். மேலே காட்டுக்குள் முதுவர், மலைப்புலையர் என்ற பழங்குடிகளின் ஊர்கள், அவற்றைக் குடி என்கிறார்கள். குடியிலிருந்து தினமும் நடந்து வந்து போக முடியாத பிள்ளைகள் மறையூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார்கள். முன்பு குடிக்குள்ளேயே ஒரே ஆசிரியரோடு நடந்த ஏகாத்யாபகப் பள்ளிகளை 2022-இல் கேரள அரசு மூடிவிட்டது. பெரிய பள்ளியில் வசதி அதிகம் என்பது அரசின் நியாயம். ஆறு வயதுப் பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிற தாய்க்கு அது எவ்வளவு தூரம் ஆறுதல் என்று தெரியவில்லை. டீக்கடையில் ஒரு நல்ல சேதியும் கேட்டேன். கலோத்சவம் என்கிற கேரளப் பள்ளிக் கலைப் போட்டியில் 2025-இல் முதல்முறையாகப் பழங்குடி ஆட்டங்களைப் போட்டியில் சேர்த்தார்களே, அதில் மலைப்புலையாட்டமும் உண்டு. இந்த மலையின் ஆட்டம் திருவனந்தபுரம் மேடை வரை போயிற்று என்று கடைக்காரர் தன் பிள்ளையே ஆடியதுபோல் சொன்னார்.

மறையூரிலிருந்து மூணாறு ஏறும் வழியில் தலையாறு, வாகுவரை என்று எஸ்டேட் பெயர்களாக வரும். ராஜமலை வந்ததும் பஸ்ஸில் பேச்சு கொஞ்சம் அடங்கியது. உள்ளே பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியதில் 70 பேர் போனார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சேர்த்து. பெரும்பாலும் கயத்தாறு பக்கத்துக் குடும்பங்கள், தலைமுறைகளுக்கு முன்னால் தேயிலைக்கு வந்தவர்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். தகரக்கூரை, நீலப் பெயிண்ட், முன்னால் ஒரு கைப்பந்து விளையாடும் அளவுக்கு மண்தரை, அதற்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை. 30 சொச்சம் பிள்ளைகள். பெயர்ப்பலகையில் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றும். கேரளாவில் தமிழ் மீடியத்துக்கென்று அரசே தமிழில் பாடப்புத்தகம் அச்சிட்டுத் தருகிறது, பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். கூடவே மலையாளமும் படித்தாக வேண்டும், 2017-இல் அதற்குச் சட்டமே வந்துவிட்டது. இரண்டாம் வகுப்புப் பையன் என்னிடம் தமிழிலும் டீச்சரிடம் மலையாளத்திலும் மூச்சு விடாமல் பேசுகிறான். நான் மலையாளத்தில் டீ கேட்கவே தடுமாறுகிறேன்.

மதியச் சோறு அங்கேதான். சோறு, சாம்பார், பயறுத் தோரன், அன்றைக்கு முட்டை நாள். வாரத்துக்கு ஒரு முட்டை, இரண்டு நாள் பால். நம்ம ஊரில் ஐந்து நாளும் முட்டை என்று சொன்னதும் ஒரு பெண் குழந்தை, "தெனமுமா சார்? அங்கயே வந்து படிக்கட்டா?" என்று கேட்டாள். பயறு மட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். தேங்காயும் சின்ன வெங்காயமும் அம்மியில் தட்டிப் போட்டிருந்தார் சமையல் அக்கா. மூணாறு டவுனில் 180 ரூபாய் கொடுத்துச் சாப்பிட்ட சாப்பாட்டை இதன் பக்கத்தில் வைக்க முடியாது. அரிசி மூட்டையைச் சமையலறையில் வைப்பதில்லையாம், யானை வாசம் பிடித்து வந்து கதவை உடைக்கும். பன்னியாறு ரேஷன் கடையை உடைத்து உடைத்தே அரிக்கொம்பன் என்று பெயர் வாங்கிய யானையை 2023-இல் பிடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். இங்கே இன்னும் ஆள் இருக்கிறது. படையப்பா என்கிற காட்டு யானை ரோட்டில் நின்றால் ஜீப் வராது, ஜீப் வராவிட்டால் அன்றைக்குப் பாதிப் பிள்ளைகள் ஆப்சென்ட்.

விழாவில் ஒரு சிறுமி தமிழ்ப் பாட்டு ஒன்றை ராகம் போட்டுச் சொன்னாள். உபஜில்லா (துணை மாவட்ட) கலோத்சவத்தில் 'தமிழ்ப் பத்யம் சொல்லல்' என்று தனிப் போட்டியே உண்டு, அதில் ஏ கிரேடு வாங்கியவளாம். அடுத்து எஸ்டேட் பிள்ளைகளின் ஒப்பனா என்கிற கேரள முஸ்லிம் கல்யாண ஆட்டம், ஜிகினாத் துணியும் கைதட்டலுமாக. அப்புறம் கும்மி. கும்மியடித்த வட்டத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் ஜார்க்கண்ட்டுக்காரர்கள். அப்பா அம்மா கொழுந்து கிள்ள வந்தவர்கள். வீட்டில் வேறு மொழி, பள்ளியில் தமிழ், மைதானத்தில் மலையாளம்.

"ஒண்ணாம் கிளாஸ்ல இந்த வருஷம் சேந்தது நாலே பேர் மாப்ள. அதுல இதுங்க வீட்டுத் தம்பியும் ஒருத்தன். இவங்க வரலேன்னா இங்க மணி அடிக்க ஆள் இருக்காது" என்றான் நண்பன்.

காரணம் எளிது. தோட்டத்தில் 58 வயதில் ஓய்வு. வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். சொந்த நிலம் கிடையாது. பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று இறங்கிவிட்டால் பெரியவர்களும் மூட்டை கட்டுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் டவுனில் இங்கிலீஷ் மீடியம் தேடுகிறார்கள், அதைத் தப்பு என்று நான் எப்படிச் சொல்வது? என் மகனும் இங்கிலீஷ் மீடியம்தான். ஜூன் மாதம் ஆறாவது வேலை நாளில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணி, அதை வைத்துத்தான் எத்தனை வாத்தியார் என்று முடிவு செய்வார்கள். அந்த ஒரு நாளைக்கு இந்த ஸ்டாஃப் ரூமே பயந்து கிடக்கிறது. நண்பன் தினக்கூலி வாத்தியார். மார்ச்சோடு சம்பளம் நின்றுவிடும், ஜூனில் மறுபடி இன்டர்வியூ. கேரள அரசு வேலைக்கான பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிவிட்டு ரேங்க் லிஸ்ட்டுக்குக் காத்திருக்கிறான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1956-இல் மூணாறு இருக்கிற தேவிகுளம் தாலுகாவும் பீர்மேடு தாலுகாவும் கேரளாவோடு போய்விட்டன என்று நம்ம மேடைகளில் இன்றைக்கும் முழங்குகிறார்கள். 2021-இல் தேவிகுளம் எம்.எல்.ஏ. ராஜா கேரள சட்டசபையில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தபோது நாம் எல்லாரும் வாட்ஸப்பில் கைதட்டினோம். இந்தப் பள்ளியின் புத்தக அலமாரியைப் போய்ப் பாருங்கள். மலையாளப் புத்தகம் மூன்று தட்டு நிறைய, புதுசு. தமிழுக்கு ஒரே தட்டு. அட்டை போன கதைப்புத்தகங்களை யாரோ ஒரு டீச்சர் வெள்ளை நூலால் தைத்து வைத்திருக்கிறார், தையல் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. 30 பிள்ளைகளுக்கு ஒரு மலை உச்சியில் பள்ளி நடத்துவது கேரள அரசு. தினக்கூலி வாத்தியாரை வைத்து ஓட்டுகிறார்கள் என்று அவர்களைத் திட்டலாம், நானும் திட்டுகிறேன். ஆனால் மேடையில் முழங்குகிறவர்கள் ஒரு கட்டுப் புத்தகம் அனுப்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் வட்டவடை என்ற மலைக்கிராமம். இதற்கு ஜீப்பே வேண்டாம், மூணாறிலிருந்து பஸ் இருக்கிறது, நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் எல்லாம் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் வரை ரயில் வந்து, அங்கிருந்து கம்பி வழியாகத் தேயிலைப் பெட்டி போடி பக்கம் கொட்டகுடிக்கு இறங்கியது. 1924 வெள்ளம் தண்டவாளத்தை அள்ளிக்கொண்டு போனதோடு ரயில் முடிந்தது. பாம்பாடும் சோலைக்காட்டைத் தாண்டியதும் படிப்படியாய்க் கேரட்டும் பூண்டும் விளைகிற மலைச்சரிவு திறக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோவிலூர் அக்கா, மகளைப் பத்தாம் வகுப்பு வரை உள்ளூரில் தமிழில் படிக்க வைத்தவர். பிளஸ் ஒன்னுக்கு மகள் போடியில், சித்தி வீட்டில்.

"இங்க பிளஸ் ஒன்னு எல்லாம் இங்கிலீஷ்லங்க. பத்து வருஷம் தமிழ்ல படிச்ச புள்ள திடீர்னு எங்க போகும்? காலேஜுக்கு மூணாறு வந்தா தமிழே பாடமா எடுத்துப் படிக்கலாம்னு சொல்றாங்க. நடுவுல அந்த ரெண்டு வருஷத்த எப்படித் தாண்டறது?"

பூண்டு கிலோ 280 சொன்னார்கள், அரைக் கிலோ வாங்கினேன். சின்னப் பல், உரிக்க எரிச்சல், ஆனால் ரசத்தில் ஒரு பல் போதும்.

பயணக் குறிப்பு எதுவும் ஒழுங்காகத் தரவில்லை என்று கேட்பீர்கள். எழுதிவிடுகிறேன். ஜனவரி, பிப்ரவரியில் கம்பளி இல்லாமல் போகாதீர்கள். சின்னாறு வழியைப் பகலில் தாண்டிவிடுங்கள். செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் வாங்கி வைத்துவிடுவார்கள். எஸ்டேட் பள்ளிகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கேமராவோடு போய் நிற்காதீர்கள், ஹெச்.எம். அனுமதி வேண்டும், வகுப்பு நேரத்தில் நிச்சயம் விட மாட்டார்கள். தெரிந்தவர் மூலம் போகிறவர்கள் சாக்லேட் டப்பாவுக்குப் பதில் தமிழ்க் கதைப்புத்தகம் எடுத்துப் போங்கள். ஒன்று முதல் நாலாம் வகுப்பு வரை படிக்கிற மாதிரி, பெரிய எழுத்து, படம் போட்டது. நான் உடுமலை வந்ததும் 600 ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கி, நண்பனின் தங்கை வழியாகக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மார்ச் பரீட்சைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.