தங்கத்தில் ஈயப் பற்று

அறுந்த தங்கச் சங்கிலி ஒன்று இன்று பட்டறைக்கு வந்தது. கொக்கியை ஒட்டிய கண்ணியில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. யாரோ ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

அப்படியே தீ காட்டினால் சங்கிலி போச்சு.

சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். ஈயமோ 327 டிகிரியிலேயே உருகிவிடும். சூடு ஏற ஏறத் தங்கத்துக்குள் இறங்கி அரிக்கும். கண்ணியில் குழி விழும், சுற்றியுள்ள இடமும் நொறுங்கும்.

அதனால் முதல் வேலை அரமும் சுரண்டியும்தான். லென்ஸில் பார்த்துப் பார்த்து, சாம்பல் நிறம் துளியும் இல்லாமல் எடுக்க வேண்டும். இடுக்கில் மிச்சம் இருக்கிறதா? அந்தக் கண்ணியையே வெட்டிவிட்டு, அதே மாற்றில் (தங்கத்தின் தரத்தில்) புதுக் கம்பி வளைத்துப் போடுவதே நல்லது.

பிறகுதான் பற்றவைக்க உதவும் வெண்காரம் தடவி, பொடி (தங்கத்தை ஒட்டவைக்கும் உலோகக் கலவை) வைத்துத் தீ ஊதுவது. கம்பியின் இரு முனையும் ஒன்றோடொன்று முட்டியிருக்க வேண்டும். பொடி கூடினால் பக்கத்துக் கண்ணிக்கும் ஓடி, சங்கிலி அங்கே மடங்காமல் விறைத்து நிற்கும்.

வெட்டிய துண்டை மற்ற பழைய தங்கத்தோடு போட்டு உருக்கிவிடாதீர்கள். சிறிது ஈயம் கலந்தாலும் தகடு அடிக்கும்போது விரிசல் விடும்.