மூக்கன் வந்தாச்சு

திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போறவங்க மஞ்சமூக்கு நாரையையும் பூநாரையையும் படம் பிடிச்சுட்டுத் திரும்பிடுறாங்க. கரையோரச் சேத்துல மேயிற கருவால் மூக்கன்ங்கிற வலசைப் பறவையையும் கொஞ்சம் பாருங்க மக்கா.

அந்த நீள அலகை அடிவரைக்கும் சேத்துக்குள்ள விட்டு, தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கிட்டே போகும். வாயை முழுசாத் திறக்க வேண்டாம், அலகு நுனியை மட்டும் விரிச்சு உள்ள கிடக்குற புழுவைக் கவ்வும். பொட்டைக்குத்தான் அலகு நீளம். பறந்தா இறக்கையில வெள்ளைப் பட்டை பளிச்சுன்னு தெரியும்.

இதோட பங்காளி பட்டைவால் மூக்கன் இருக்கே, அது எமகாதகன்! 2022 அக்டோபர்ல, பிறந்து அஞ்சு மாசமே ஆன ஒண்ணு அலாஸ்காவுல கிளம்பி ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா தீவுல இறங்குச்சு. சுமார் 13,560 கிலோமீட்டர், 11 நாள், நடுவுல எங்கயும் இறங்கல. கடல்ல உக்காந்து நீந்துற பறவையும் இல்ல. கிளம்புறதுக்கு முன்னாடி கொழுப்பை ஏத்திக்கிட்டு, குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கும்.

"அம்புட்டுத் தூரம் எதுக்குவே போவுது?"ன்னார் ஆடு மேய்க்கிற அண்ணாச்சி. வயித்துப்பாட்டுக்குத்தான், வேற எதுக்கு!

குளம் நிறைஞ்சு கிடந்தா மூக்கனுக்கு ஆகாது. தண்ணி வத்துற தை, மாசியில போங்க. வெயில் ஏறுனா பெரும்பாலும் வடக்க கிளம்பிடும்.