திபெத்துக்கு அடியில் மின்சாரம் கடத்தும் அடுக்கு

தொலைதூர மின்னல்களும், சூரியக் காற்று புவியின் காந்தமண்டலத்தோடு மோதுவதால் எழும் அலைவுகளும் நிலத்துக்குள் தூண்டும் மின்னோட்டங்களை மேற்பரப்பில் அளந்தே ஆழத்துப் பாறைகளை அறியலாம் என்று, 1950-இல் ரஷ்ய அறிவியலாளர் திகோனோவும் 1953-இல் பிரெஞ்சு அறிவியலாளர் காக்னியாரும் காட்டினார்கள். இந்த அலைவுகளின் மின்காந்தப் புலம் எவ்வளவு மெதுவாக மாறுகிறதோ, அவ்வளவு ஆழமாக நிலத்துக்குள் ஊடுருவும். 1990-களில் தெற்குத் திபெத்தில் இப்படி அளந்தபோது, ஏறத்தாழ 70 கி.மீ. தடித்த அந்தப் புவியோட்டில் 15–20 கி.மீ. ஆழத்திலேயே மின்சாரத்தை நன்கு கடத்தும் அடுக்கு தொடங்குவது தெரிந்தது. உலர்ந்த பாறை அவ்வாறு கடத்தாது என்பதால், பகுதி உருகிய பாறையோ உப்புநீரோ அங்கே இருக்க வேண்டும். இவற்றில் எது எவ்வளவு என்பதை மின்தடையை மட்டும் கொண்டு பிரித்தறிய முடியாததே இம்முறையின் பெரிய தொல்லை. ஆகவே நிலஅதிர்வு அலைகளின் சான்றையும் சேர்த்தே படிக்கிறார்கள்.