அம்மாவின் மடிக்கு ஒரு பூனை

2025 ஜூலை 6, ஞாயிறு, ஆரையம்பதி

மறதிநோயோடு இருக்கும் அம்மாவுக்குத் துணையாக ஒரு ரோபோவை அனுப்பவா என்று கனடாவிலிருந்து அண்ணா கேட்டார். பேசும் வகையும் உண்டாம், மடியில் வைத்துத் தடவும் பூனை வகையும் உண்டாம். சீதன வீட்டில் கடைசி மகளோடு தாய் இருப்பது எங்கள் ஊர் வழமை என்பதால், அம்மாவின் பகலும் இரவும் என் பொறுப்பு. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 9, புதன்

அம்மா கண்ணயர்ந்த நேரமெல்லாம் இதைப் பற்றியே வாசித்தேன். நியூயோர்க் மாநிலம் 800க்கும் மேற்பட்ட முதியோருக்கு வழங்கப்போவதாக 2022இல் அறிவித்த எல்லிக்யூ என்ற ரோபோ, தானாகவே பேச்சுக் கொடுக்கும், மருந்தை நினைவூட்டும். ஆனால், அது பேசுவது ஆங்கிலம். மண்டூர்த் திருவிழாவுக்குத் தோணியில் போன கதையை "மறுகா" (பிறகு) என்று எங்கள் ஊர்ப் பேச்சில் தொடங்கும் அம்மாவுக்கு அது எப்படி 'உம்' கொட்டும்? ஜப்பானியரான தக்கானோரி ஷிபாத்தா 1993இல் உருவாக்கத் தொடங்கிய பாரோ என்ற கடல்நாய்க்குட்டி ரோபோவோ பேசுவதே இல்லை. தடவினால் உடம்பை அசைக்கிறது, கூப்பிட்டால் தலையைத் திருப்புகிறது, குட்டியைப் போல முனகுகிறது. நாய், பூனை என்றால் வீட்டில் வளர்த்ததோடு ஒப்பிட்டுக் குறை காண்பார்கள் என்பதால், யாரும் வளர்த்திராத விலங்கை அவர் தெரிந்தெடுத்தாராம். எங்கள் வீட்டுக்குப் பேசாததே பொருந்தும்.

ஜூலை 12, சனி

மகளின் முயல் பொம்மையை அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன். பன்பாய் இழைத்துப் பழகிய விரல்கள் அதன் காதை மடிப்பதும் நீவுவதுமாக நெடுநேரம் இருந்தன. "இதுக்குச் சோறு குடுத்தியா மனே?" என்றார். பொம்மைதானே அம்மா என்றேன். உண்மையை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "அது எனக்குத் தெரியாதாகா?" என்றவர், மறுபடியும் காதை நீவத் தொடங்கினார். அந்த நேரத்தில் நான் ஆறுதலாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூனையை அனுப்புங்கள், ஆனால், அது அம்மாவைக் குளிப்பாட்டாது, நள்ளிரவில் எழுந்து கதவைத் திறக்கப் போகிறவரைப் பிடித்து நிறுத்தாது என்று அண்ணாவிடம் சொன்னேன். இரவில் துணைக்கு ஒரு பெண்ணை அமர்த்தும் செலவை அவர் ஏற்க வேண்டும், நாள்தோறும் அம்மாவோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றும் கேட்டேன். இரண்டுக்கும் சம்மதித்தார்.

ஜூலை 16, புதன்

பின்வீதி அக்கா நாளை இரவு முதல் வருகிறார். பூனைக்கு வேண்டிய பற்றரிகளையும் சேர்த்தே அனுப்பும்படி அண்ணாவுக்கு எழுதிவிட்டேன்.