நிலுவை மடியில் இருக்கும்போது

எங்கள் பூனையின் பெயர் நிலுவை. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். ஓர் ஆண்டு முடிவில், வங்கிக் கணக்குக்கும் பேரேட்டுக்கும் இடையே ஒரு சின்னத் தொகை இடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரவில்தான் மாடிப்படிக்கு அடியிலிருந்து கத்திக்கொண்டே இது வந்து சேர்ந்தது. எத்தனை முறை கூட்டினாலும் தொகை போகவில்லை. எத்தனை முறை விரட்டினாலும் இதுவும் போகவில்லை. தொகையைப் பத்து நாளில் தேடிப் பிடித்து நேர்செய்துவிட்டேன். பூனை மட்டும் அப்படியே நிற்கிறது.

பூனைகளின்மேல் எனக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. துவைத்து மடித்த துணியில் முடி ஒட்டியிருந்தால் இன்றும் எரிச்சல் வரும். இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நேர்மை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு ரத்த அழுத்தம் 150/96 என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டிலேயே ஒரு கருவி வைத்துக்கொண்டு காலையும் மாலையும் அளந்து நோட்டில் குறித்து வரச் சொன்னார். கட்டம் போட்டு எழுதச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். தேதி, நேரம், மேல் அளவு, கீழ் அளவு, குறிப்பு என்று ஐந்து பத்தி போட்டேன்.

வேலை நெருக்கும் நாட்களில் என்ன நடக்கும் என்றால், கணவர் கதவருகே வந்து நிற்பார். "என்ன ஆயிற்று? முகம் ஒரு மாதிரி இருக்கிறதே?" என்பார். அவர் நல்லவர். சிக்கலே அதுதான். ஒன்றுமில்லை என்றால் நம்ப மாட்டார். சொன்னால், உடனே மூன்று யோசனை தருவார். மூன்றும் ஏன் சரிப்படாது என்று நான் விளக்க வேண்டும். விளக்கி முடித்ததும் அவர் முகம் வாடும்; அதைத் தேற்ற வேண்டும். கடைசியில் என் கவலையோடு அவருடைய கவலையும் என் கணக்கில் ஏறியிருக்கும்.

நிலுவை எதுவும் கேட்பதில்லை. வரும்; முன்னங்கால் ஒன்றை மட்டும் என் தொடைமேல் வைத்து, நாற்காலியின் உறுதியைச் சோதிப்பதுபோல அழுத்திப் பார்க்கும். பிறகு ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பிசையும். குட்டியாக இருந்தபோது தாயின் மடியில் பால் சுரக்கப் பிசைந்த பழக்கம், வளர்ந்த பிறகும் விடுவதில்லை. நகம் புடவையில் மாட்டும்போது நான் "ஸ்" என்பேன், அது கண்டுகொள்ளாது. அப்புறம் அந்தக் குர்ர்ர். காதில் விழும் முன்பே அது தொடையில் தெரிந்துவிடும். வினாடிக்குச் சுமார் 25 அதிர்வு என்கிறார்கள். அதற்குள் என் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது எனக்கே அப்போதுதான் தெரியவரும், அவை இறங்குவதால்.

கேரன் ஆலன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். நாய் வளர்க்கும் 45 பெண்களுக்கு மனக்கணக்குக் கொடுத்து, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். நெருங்கிய தோழி பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் படபடப்பு அதிகம். தங்கள் நாய் உடனிருந்தபோது மிகக் குறைவு. தோழி என்றால் ஆதரவுதானே? ஆனால் தோழிக்கு நம் விடை சரியா தப்பா என்று தெரியும், நாய்க்குத் தெரியாது. நம்மை எடை போடாத துணை என்பதுதான் வித்தியாசம் என்று அவர்கள் விளக்குகிறார்கள். கணவரிடம் படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் நான் கதவருகே வரவேண்டாமா?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

ஆனால் தணிக்கைப் புத்தி சும்மா இருக்காது. விலங்கு வளர்ப்பவர்கள் முன்பே நிதானமானவர்களாக இருந்தால்? அதே ஆலன் 2001இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்குத் திருப்தி தந்தது. உயர் ரத்த அழுத்தமுள்ள, தனியாக வாழும் 48 பங்குத் தரகர்கள். எல்லாருக்கும் மாத்திரை. அவர்களில் பாதிப் பேரைக் குலுக்கல்போலத் தேர்ந்து, நாயோ பூனையோ வளர்க்கச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சும்மா இருக்கும்போது அழுத்தம் இரு தரப்புக்கும் குறைந்திருந்தது. மன நெருக்கடி கொடுத்தபோதோ, விலங்கு வளர்த்தவர்களுக்கு அழுத்தம் மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறியது. சாதாரண நேரத்து அழுத்தத்தை மாத்திரை பார்த்துக்கொண்டது. கணக்கு இடிக்கும் நேரத்துக்கு அது மட்டும் போதவில்லை.

எல்லா ஆய்வும் இப்படி ஒத்துப் பேசுவதில்லை. ஒரு பலனும் இல்லை என்று முடிந்தவையும் இருக்கின்றன. என் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பூனை மடியில் இருந்தபோது அளந்தவை பெரும்பாலும் ஏழெட்டுப் புள்ளி குறைவு. அதில் பூனைக்கு எவ்வளவு பங்கு? அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அசையாமல், பேசாமல், முதுகு சாய்த்து உட்கார வேண்டும் என்பது விதி. மற்ற நாட்களில் நான் கடைப்பிடிக்காத அந்த விதியை, தூங்கும் பூனை மடியில் இருந்தால் கட்டாயம் கடைப்பிடிக்கிறேன். எழுந்தால் அதன் தூக்கம் கெடுமே!

போன ஆண்டு அதன் வாயோரம் தையல் நூல் ஒன்று தொங்கியது. மறுநுனி உள்ளே எங்கோ இருந்தது. நூலைப் பிடித்து இழுக்கக்கூடாது, குடலைச் சுருக்கி அறுத்துவிடும் என்று தெரிந்திருந்ததால் கையை வைக்கவில்லை, தூக்கிக்கொண்டு ஓடினேன். அறுவைச் சிகிச்சை, இரண்டு இரவு கண்விழிப்பு. அந்த இரண்டு நாளில் நோட்டில் 158/98 வரை ஏறியிருக்கிறது. குறிப்புப் பத்தியில் "நூல்" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். தையல் பெட்டியை மூடாமல் விட்டது நான்தான்.

அதனால், மன அழுத்தமா, ஒரு பூனை வாங்கிக்கொள் என்று யாரிடமும் நான் சொல்வதில்லை. பதினைந்து ஆண்டு வாழக்கூடிய ஓர் உயிர் அது. மாத்திரை வேண்டாமென்றால் நிறுத்த டாக்டரைக் கேட்டால் போதும்.

போன வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பத்தி பத்தியாக விரல் வைத்துப் பார்த்தார். சில அளவுகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "நி" என்று போட்டிருப்பேன்.

"நி என்றால், நின்றபடி எடுத்ததா? நின்றால் அளவு மாறும். இனிமேல் உட்கார்ந்தே எடுங்கள்" என்றார்.

"உட்கார்ந்துதான் எடுத்தேன் டாக்டர்," என்றேன். "எழுந்திருக்க முடியவில்லை."